நிலாவுல மறுபடி ஆள் இறக்குறது அந்தச் செலவுக்குத் தகுமா?

எல்லைக்கல் (ஆரம்பாக்கம்)

பழவேற்காடு ஏரிக்கு அந்தாண்ட ஸ்ரீஹரிகோட்டாவுல மூணாவது ஏவுதளம் வருது. 2025 ஜனவரியில ஒன்றிய அமைச்சரவை அதுக்கு 3,985 கோடி ரூபாய் ஒப்புதல் கொடுத்துச்சு. அந்தத் தளத்துல நிக்கப்போற புது ராக்கெட்டை உருவாக்க 2024 செப்டம்பர்லயே 8,240 கோடி. ஆளை விண்வெளிக்கு அனுப்புற ககன்யான் கணக்கு 20,193 கோடிக்கு ஏறியிருக்கு. இதெல்லாம் கடைசியில போய்ச் சேருற இடம் 2040. அந்த வருஷத்துக்குள்ள ஒரு இந்தியர் நிலாவுல கால் வைக்கணும்னு இலக்கு.

நான் சந்திரயானுக்கு எதிரி இல்லை. சந்திரயான்-3 சுமார் 615 கோடியில முடிஞ்சது. தென்துருவத்துப் பக்கம் மெதுவா இறங்கின முதல் கலம் அதுதான். அதுல ஆள் இல்லை, அதனாலதான் அந்த விலை.

ஆள் போனா என்ன விலைன்னு பாக்க அமெரிக்காவைப் பாத்தா போதும். 1969ல இருந்து 1972 வரைக்கும் ஆறு தடவை இறங்கினாங்க, பன்னிரண்டு பேர் நடந்தாங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க. இப்போ ஆர்ட்டெமிஸ்னு மறுபடி ஆரம்பிச்சிருக்காங்க. 2025 வரைக்குமான செலவு 9,300 கோடி டாலர்னு நாசாவோட சொந்தத் தணிக்கைப் பிரிவே கணக்குப் போட்டுச்சு. முதல் நாலு பயணத்துல ஒவ்வொண்ணுக்கும் ராக்கெட்டும் கலமும் சேர்த்து 410 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய்னு வெச்சாலும் ஒரு தடவை மேல போக 34,000 கோடிக்கு மேல. அந்தக் காசுல ஐம்பது சந்திரயான்-3 விடலாம்.

மெஷின் செய்யாத எதை அங்க போற ஆள் செய்யப்போறார்? பெருமை, கொடி எல்லாம் வேணாம். வேலையைச் சொல்லுங்க.

வெல்டர்_தடா

சொல்றேன் அண்ணே. அப்போலோ ஆறு பயணத்துல வந்த கல்லும் மண்ணும் 382 கிலோ. அதே காலத்துல ரஷ்யாக்காரங்க ஆளில்லாம லூனா கலங்களை விட்டு மூணு தடவை மண் எடுத்தாங்க. மூணும் சேர்த்து 300 கிராம் சொச்சம்தான். அங்க கிலோ, இங்க கிராம். அவ்ளோதான் பதில்.

இன்னொண்ணு. அப்போலோ 17ல ரெண்டு பேர் வண்டி ஓட்டிக்கிட்டு மூணு நாள்ல 35 கிலோமீட்டர் சுத்திட்டு வந்தாங்க. செவ்வாய்ல ஆப்பர்ச்சுனிட்டி வண்டி 45 கிலோமீட்டர் போக 14 வருஷம் ஆச்சு. ஒரு கல்லை எடுக்கலாமா வேணாமான்னு கீழ இருக்குறவங்க ஒரு வாரம் மீட்டிங் போடணும். நேர்ல நிக்கிறவன் குனிஞ்சு எடுத்துடுவான்.

நகரி_தறி

அந்த 382 கிலோவுக்கு அன்னிக்கு ஆன செலவு சுமார் 2,500 கோடி டாலர். வகுத்துப் பாத்தேன். கிலோ ஆறரைக் கோடி டாலர் வருது. இங்க நூல் கிலோவுக்கு நாப்பது ரூபா ஏறுனா தறியை நிறுத்திட்டு உக்காருறோம்.

வெல்டர்_தடா

தறிக்கார அண்ணே, கல்லு வாங்க மட்டுமா போனாங்க? அந்தக் கணக்குல ராக்கெட், ஏவுதளம், கம்ப்யூட்டர், லட்சக்கணக்கான ஆளுங்க சம்பளம் எல்லாம் இருக்கு. சம்பளம்னு சொன்னா எனக்கு நல்லாவே புரியும், நான் வெல்டிங் பட்டறைக்காரன். ஏரிக்கு அந்தாண்ட வேலை நடந்தா நாயுடுபேட்டை வரைக்கும் லாரி ஓடும்.

கும்மிடி_டீச்சர்

இரண்டு பக்கமும் எண்களைப் பாதியாக எடுத்து வைக்கிறீர்கள்.

முதலில் தடாக்காரருக்கு. ஆப்பர்ச்சுனிட்டியை நிலவோடு ஒப்பிடுவது சரியில்லை. செவ்வாய்க்கு ஒரு கட்டளை போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும், நிலவுக்கு ஒன்றேகால் நொடி போதும். ரஷ்யர்களின் ஆளில்லா வண்டி லூனோகோட்-2 1973லேயே நிலவில் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் ஓடியது. அதுவும் சில மாதங்களில். மண் எடுப்பதிலும் 1970இன் இயந்திரத்தை வைத்து இன்றைய இயந்திரத்தை எடைபோடக் கூடாது. சீனாவின் ஆளில்லாக் கலம் சாங்-ஈ 5 2020இல் 1,731 கிராம் கொண்டு வந்தது. 2024 ஜூனில் சாங்-ஈ 6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம். மறுபக்கத்தில் இதுவரை எந்த மனிதரும் இறங்கியதில்லை.

இனி எல்லைக்கல் சாருக்கு. அப்போலோ மண்ணை வெறும் கல் என்று தள்ளிவிட முடியாது. கொண்டு வந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 2008இல், அதிலிருந்த எரிமலைக் கண்ணாடி மணிகளில் நீரின் தடயத்தைக் கண்டார்கள். மூடி முத்திரையிட்டு வைத்திருந்த ஒரு குழாயை 2022இல்தான் திறந்தார்கள். கருவிகள் மேம்படட்டும் என்று திட்டமிட்டே காத்திருந்தார்கள். அங்கே சென்ற பன்னிரண்டு பேரில் பயிற்சி பெற்ற புவியியலாளர் ஒரே ஒருவர், ஹாரிசன் ஷ்மிட். அப்போலோ 17இல் சாம்பல் நிற மண்ணுக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தைப் பார்த்துக் கத்தியவர் அவர்தான். பார்த்ததும் வேலைத்திட்டத்தை அங்கேயே மாற்றிப் பள்ளம் தோண்டினார்கள். கேமராவும் அதைப் பார்த்திருக்கலாம். ஆனால் கிடைத்த சில நிமிடங்களுக்குள் முடிவெடுத்திருக்குமா?

எனக்கு உறுத்துவது வேறு. ஆள் போகும் திட்டத்துக்குப் பணம் நெருக்கும்போது முதலில் கை வைப்பது ஆளில்லாத ஆய்வில். வைப்பர் என்று ஒரு வண்டி, நிலவின் தென்துருவத்தில் பனியைத் தேடுவதற்காகவே கட்டியது. சுமார் 45 கோடி டாலர் செலவழித்து, வண்டியை முழுதாகப் பூட்டி முடித்த நிலையில், 2024 ஜூலையில் கைவிடுவதாக நாசா அறிவித்தது. ஆட்கள் அங்கே போவதற்குச் சொல்லப்படும் பெரிய காரணமே அந்தப் பனிதான். அது எங்கே, எவ்வளவு என்று பார்க்கும் வண்டிக்குப் பணமில்லை!

எல்லைக்கல் (ஆரம்பாக்கம்)

டீச்சர் கடைசிப் பத்தியில சொன்னதுதான் என் கட்சி. சுருக்கமா, என்னைவிட நல்லா சொல்லிட்டீங்க.

வெல்டர்_தடா

டீச்சர், கதையைப் பாதியில நிறுத்திட்டீங்க. 2025 செப்டம்பர்ல அதே வைப்பரை ப்ளூ ஆரிஜின்ங்கிற தனியார் கம்பெனி கலத்துல ஏத்தி அனுப்ப நாசா ஒப்பந்தம் போட்டுச்சு. நிறுத்துனதுக்கு அவங்க சொன்ன காரணம் அந்த வண்டி தாமதம் ஆச்சு, செலவு கூடிச்சுன்னுதான். ஆர்ட்டெமிஸ் தின்னுடுச்சுன்னு யாரும் சொல்லலை.

கும்மிடி_டீச்சர்

சொல்ல மாட்டார்கள்தான். பள்ளிக்கூடத்தில் நூலகத்துக்குப் பணம் இல்லாமல் போகும்போதும் ஆண்டுவிழாவை யாரும் காரணமாகச் சொல்வதில்லை.

ஸ்ரீசிட்டி_ஷிப்ட்

நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து படிக்கிறேன், சூடா போகுது 😀

பட்ஜெட்டையே யாரும் பேசலையே. 2025-26ல விண்வெளித் துறைக்கு 13,416 கோடி. ஒன்றிய அரசோட மொத்தச் செலவு 50 லட்சம் கோடிக்கு மேல. நூறு ரூபாய்ல கால் ரூபாய் சொச்சம்தான். செயற்கைக்கோள், வானிலை, சந்திரயான், ககன்யான் எல்லாம் அந்தக் கால் ரூபாய்க்குள்ள. அமெரிக்கா 1966ல நூத்துக்கு நாலு டாலருக்கு மேல நாசாவுக்குக் கொடுத்துச்சு, இப்போ அரை டாலர் கூட இல்லை. ஏழ்மை தீராததுக்கு நிலாவைக் குத்தம் சொல்றது நியாயமா?

நகரி_தறி

கால் ரூபாதானேன்னு சொல்ற ஆளுங்க வேற வேற கவுண்டர்ல நூறு பேர் நிக்கிறாங்க தம்பி. எல்லாருக்கும் கால் ரூபாதான்.

கும்மிடி_டீச்சர்

இந்த வாதத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1969 ஜூலையில், அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், ரால்ஃப் அபெர்நாதி என்ற குடிமை உரிமைப் போராளி ஏழைக் குடும்பங்களையும் கோவேறு கழுதை வண்டிகளையும் கூட்டிக்கொண்டு ஏவுதளத்துக்கே வந்தார். நாசா தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து அவரைச் சந்தித்தார். பொத்தானை அழுத்தாமல் விட்டால் வறுமை தீரும் என்றால் அழுத்த மாட்டோம் என்ற பொருளில் பேசினார்.

வெல்டர்_தடா

அதேதான்! 1972ல அப்போலோவை நிறுத்துனாங்களே, அந்தக் காசு ஏழைங்க வீட்டுக்கா போச்சு?

நகரி_தறி

போகலை. அழுத்துனப்பவும் தீரலை, நிறுத்துனப்பவும் தீரலை. அப்போ ஏழையை வெச்சு ரெண்டு பேரும் வாதாடாதீங்க. நானும் விட்டுட்டேன்.

மட்டுறுத்துநர்

எந்தக் கட்சி ஆட்சியில் எந்த ராக்கெட் என்ற இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. நிலாவைப் பற்றி மட்டும்.

பழவேற்காடு_படகு

வணக்கம். நான் பெரிய படிப்பு இல்ல. எங்க கஷ்டம் ஒண்ணு சொல்லணும்.

ராக்கெட் விடுற நாள்ல கடலுக்குப் போகாதேன்னு சொல்லிடுவாங்க. அது சரிதான், மேலேர்ந்து எதனா விழுந்தா யார் பொறுப்பு. ஆனா காத்து, மேகம்னு ஏவல் தள்ளிப்போச்சுன்னா மறுநாளும் அதே கதை. ஐஸ் வாங்கி வெச்சிருப்போம், டீசல் போட்டிருப்போம். ஏரிக்குள்ள பாடு முறை இருக்கு, யாருக்கு எந்த நாள்னு ஊர்ல பேசி வெச்ச வரிசை. நம்ம முறை வர்ற நாளும் கெடுபிடி நாளும் ஒண்ணா விழுந்துச்சுன்னா அந்த முறை போனது போனதுதான்.

ராக்கெட் வேணாம்னு சொல்லல. இந்த 615 கோடி, 20,000 கோடி கணக்குல எங்க நாள்கூலி எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு?

ஸ்ரீசிட்டி_ஷிப்ட்

அண்ணே, வருத்தமான விஷயம்தான். ஆனா மீன் எங்க கூடுதுன்னு தினம் தகவல் வருதே, ஹைதராபாத்ல இருக்குற இன்காய்ஸ் அமைப்பு செயற்கைக்கோள்ல கடல் சூடு, பாசி நிறம் எல்லாம் பாத்துத்தான் அதைக் கொடுக்குது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ முன்னாடியே கரைக்கு வரச் சொன்னதும் மேல இருக்குற கண்ணாலதான். ராக்கெட் உங்களுக்கும் திருப்பிக் கொடுக்குது.

பழவேற்காடு_படகு

குடுக்குது தம்பி. அதுக்கு நான் நாள் விடுவேன், சந்தோஷமா விடுவேன். அது எல்லாம் பூமியைச் சுத்தற செயற்கைக்கோள். நிலாவுல ஒருத்தர் நடந்தா என் வலைக்கு என்ன தகவல் வரும்? தலைப்பு அதானே.

எல்லைக்கல் (ஆரம்பாக்கம்)

படகு அண்ணன் கேட்ட கேள்விக்கு முன்னாடி நான் எழுதுனது எல்லாம் சும்மா.

இதோட ஒண்ணு சேத்துக்கறேன். இந்திய விண்வெளித் திட்டத்தை ஆரம்பிச்ச விக்ரம் சாராபாயே, நிலாவையும் கிரகங்களையும் ஆராயுறதுலயோ ஆளை விண்வெளிக்கு அனுப்புறதுலயோ பணக்கார நாடுகளோட போட்டி போடுற கற்பனை நமக்கு இல்லைன்னு 1960கள்ல சொன்னவர். மனுஷங்களோட நிஜப் பிரச்சினைக்கு நுட்பத்தைப் பயன்படுத்துறதுல மட்டும் யாருக்கும் பின்தங்கக் கூடாதுன்னார். அந்த வழியில வந்ததுதான் படகு அண்ணனுக்கு வர்ற மீன் தகவல். நிலாவுல ஆள் இறக்குறது அந்த வழியில இல்லை.

வெல்டர்_தடா

சாராபாய் அதைச் சொன்னப்போ தும்பாவுல ராக்கெட் பாகத்தை சைக்கிள்ல தள்ளிக்கிட்டுப் போனாங்க நைனா. கற்பனை இல்லைன்னு சொன்னது அன்னிக்கு இருந்த கையிருப்பைப் பாத்து. அவர் பேச்சை அப்படியே புடிச்சுக்கிட்டிருந்தா 2008 அக்டோபர்ல சந்திரயான்-1 நம்ம ஏரிக்கரையிலேர்ந்து கிளம்பியிருக்குமா? 'நிலாவை ஆராயுறது'ன்னு அவர் சொன்னதுல அதுவும் அடக்கம்தானே. சந்திரயான் சரி, ஆள் மட்டும் தப்புன்னு அவர் பேர்ல சொல்ல முடியாது. ரெண்டையும் தள்ளுங்க, இல்ல ரெண்டையும் வாங்குங்க.

பெருமை வேணாம்னீங்க. பெருமையும் ஒரு காரணம், நான் மறைக்கலை. ஆனா அதைவிட ஒரு கணக்கு இருக்கு. தென்துருவத்துப் பள்ளங்கள்ல வெயிலே படாத இடத்துல பனி. பக்கத்துலயே பெரும்பாலான நாள் வெயில் படுற மேடு, சோலார் தகடு வைக்க. அந்த மாதிரி நல்ல இடம் கொஞ்சமே கொஞ்சம். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி நிலாவை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது, சரி. ஆனா முதல்ல போய் சாமான் இறக்கினவன் பக்கத்துல இன்னொருத்தன் எவ்ளோ தூரத்துல இறங்கலாம்னு பேச்சு வரும். 2023 ஜூன்ல நம்ம நாடு கையெழுத்துப் போட்ட ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டுலயே பாதுகாப்பு வட்டம்னு ஒரு விஷயம் இருக்கு. சீனா 2030க்குள்ள ஆள் இறக்குறேன்னு சொல்லுது. விதி எழுதுற மேஜையில உக்காந்திருக்கணுமா, எழுதி முடிச்சப்புறம் படிச்சுப் பாக்கணுமா?

கும்மிடி_டீச்சர்

நல்ல வாதம். இந்த இழையில் ஆள் அனுப்புவதற்குச் சொல்லப்பட்டதில் வலுவானது இதுதான். ஆனால் அந்த மேஜையில் நமக்கு நாற்காலி எப்படிக் கிடைத்தது? சந்திரயான்-1இல் இருந்த நாசாவின் கருவி நிலவின் மண்ணில் நீர் இருப்பதைக் காட்டியது, 2009இல் அறிவித்தார்கள். சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23இல் இறங்கியது. பிரக்யான் வண்டி மண்ணில் கந்தகத்தைக் கண்டது. அத்தனைக்கும் ஓர் ஆள் போகவில்லை. நிலவின் மண்ணை எடுத்து வரும் சந்திரயான்-4க்கு ஒதுக்கியது 2,104 கோடி. அதுவும் ஆளில்லாமல்தான்.

இடையில் ஒன்று. ககன்யானின் 20,193 கோடியில் இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் பகுதியும் அடக்கம். அதை முழுதாக நிலவுக் கணக்கில் எழுதக் கூடாது.

எல்லைக்கல் (ஆரம்பாக்கம்)

சரி டீச்சர், அதைக் கழிச்சே பேசுவோம்.

ஸ்ரீசிட்டி_ஷிப்ட்

நிலா மண்ணுல இருக்குற ஹீலியம்-3 வாயுவை எரிபொருளா வெச்சு அணு இணைவு மின்சாரம்னு எல்லாம் யாரும் சொல்லலையே?

நகரி_தறி

அதை எரிக்க உலகத்துல எங்கயும் ஒரு மின்நிலையம் இல்லை. அடுப்பு வந்ததும் விறகுக்குப் போகலாம்.

ஸ்ரீசிட்டி_ஷிப்ட்

அப்போ துணைக் கண்டுபிடிப்பு? அப்போலோ கம்ப்யூட்டருக்கு சில்லு வாங்கினதாலதான் அந்தத் தொழிலே எழுந்துச்சுன்னு படிச்சிருக்கேன். நாங்க ஷிப்ட்ல சோறு சாப்பிடுறதே எலெக்ட்ரானிக்ஸ்லதான்.

கும்மிடி_டீச்சர்

ஓரளவு உண்மை. 1960களின் தொடக்கத்தில் சில்லுகளை மொத்தமாக வாங்கிய பெரிய கைகளில் அப்போலோ ஒன்று. மினிட்மேன் ஏவுகணை இன்னொன்று. ஏவுகணையைத் துணைக் கண்டுபிடிப்புக்காக யாரும் பாராட்டுவதில்லை. டெஃப்லான், வெல்க்ரோ எல்லாம் நாசா கண்டுபிடித்தவை என்று வாட்ஸாப்பில் வருவது பொய். இரண்டும் அதற்கு முன்பே இருந்தவை.

வெல்டர்_தடா

டீச்சர் ரெண்டு பக்கமும் அடிக்கிறீங்க, நீங்க எந்தப் பக்கம்?

கும்மிடி_டீச்சர்

ஒருநாள் ஆள் போகட்டும், இப்போது வேண்டாம் என்ற பக்கம். முதலில் சந்திரயான்-4 மண் கொண்டு வரட்டும். ககன்யானில் ஆட்கள் பூமியைச் சுற்றிவிட்டுப் பத்திரமாகத் திரும்பட்டும். அமெரிக்கர்களே 1967இல் அப்போலோ 1இல் மூன்று பேரைத் தரையிலேயே தீயில் இழந்தார்கள். 2040 என்று ஆண்டைக் குறித்துவிட்டு அதற்கு ஏற்ப ஓடுவதுதான் எனக்குப் பயம்.

வெல்டர்_தடா

ஆண்டு குறிக்காம எந்த வேலை டெண்டருக்கு வந்திருக்கு டீச்சர்? கென்னடி 1961ல ஒரு பத்தாண்டுக் கெடு வெச்சதாலதான் 1969ல நடந்துச்சு. கெடு இல்லாத வேலை நம்ம ஊர் பாலம் மாதிரி நிக்கும். எந்தப் பாலம்னு கேக்காதீங்க.

பயத்துக்கும் பதில் இருக்கு. 2023 அக்டோபர்ல ஸ்ரீஹரிகோட்டாவுலேர்ந்து ஒரு சோதனை ஏவல் விட்டாங்களே, ஆளுங்க இருக்குற கூண்டு ஆபத்து நேரத்துல ராக்கெட்டை விட்டுப் பிரிஞ்சு பாராசூட்ல கடல்ல இறங்குதான்னு பாக்க. அது ஆள் அனுப்புற திட்டம் இருக்குறதாலதான் நடந்துச்சு. செலவு ஏன் கூடுதுன்னா இதுக்குத்தான். மெஷின் போய் விழுந்தா 2019 சந்திரயான்-2 மாதிரி அழுதுட்டு அடுத்ததைக் கட்டலாம். ஆளை அப்படி விட முடியாது.

பழவேற்காடு_படகு

ஒரு சந்தேகம். நிலாவுக்கு ஆள் போக ஒரு ராக்கெட் போதுமா?

கும்மிடி_டீச்சர்

போதாது அண்ணே. அப்போலோவின் சாட்டர்ன்-5 பூமிச் சுற்றுப்பாதைக்கு நூறு டன்னுக்கு மேல் தூக்கியது, அதனால் ஒரே ஏவலில் முடிந்தது. நம்முடைய புது ராக்கெட்டுக்குத் திட்டமிட்டிருப்பது 30 டன். அப்படியானால் பாகம் பாகமாகப் பல ஏவல்களில் அனுப்பி மேலே இணைக்க வேண்டும். 2025 ஜனவரியில் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டையும் விண்ணில் இணைத்துப் பார்த்தது இந்த மாதிரி வேலைகளுக்கான பயிற்சிதான். சந்திரயான்-4க்கே இரண்டு ஏவல்கள். ஆர்ட்டெமிஸின் ஸ்டார்ஷிப் இறங்குகலத்துக்கும் விண்வெளியில் எரிபொருள் நிரப்ப மட்டும் பல ஏவல்கள் வேண்டும்.

பழவேற்காடு_படகு

அப்போ ஒருத்தர் நிலாவுல நடக்கறதுக்கு கரையில பல நாள் படகு நிக்கும். மூணாவது தளமும் வந்துச்சுன்னா இன்னும் கூடும்.

வெல்டர்_தடா

இதுல உங்களோட நிக்கிறேன் அண்ணே. 3,985 கோடி எஸ்டிமேட்ல சிமென்ட், கம்பி, கிரேன் எல்லாம் இருக்கும். ஏவல் நாளுக்கு படகுக்கு இவ்வளவுன்னு ஒரு வரி சேத்தா அந்தத் தொகை கண்ணுக்கே தெரியாது. நிலாவுக்குப் போகணும்னு சொல்ற நானே கேக்கறேன், அதைப் போடணும்.

எல்லைக்கல் (ஆரம்பாக்கம்)

போட்டா நல்லது. ஆனா அதனால என் கேள்வி தீராது. படகுக்குக் காசு கொடுத்தாலும் 34,000 கோடி 34,000 கோடிதான்.

வெல்டர்_தடா

அது அமெரிக்காக்காரன் விலை. தடவைக்கு ஒரு ராக்கெட்டைக் கடல்ல போடுறான். நம்ம புது ராக்கெட்ல முதல் அடுக்கு திரும்பி வர்ற மாதிரி திட்டம். நம்ம விலை வரட்டும், அப்புறம் வாங்க.

எல்லைக்கல் (ஆரம்பாக்கம்)

அதைத்தான் நானும் கேக்கறேன். 2040க்கு ஆள் அனுப்ப மொத்தம் இவ்வளவு ஆகும்னு ஒரு ஒப்புதல் தொகை இதுவரைக்கும் மேஜைக்கு வரலை. தளத்துக்குத் தனியா, ராக்கெட்டுக்குத் தனியா, ககன்யானுக்குத் தனியான்னு துண்டு துண்டா வருது. முழு எஸ்டிமேட்டை எத்தனை ஏவல், எத்தனை நாள் படகு நிக்கும்னு சேத்து வெளியிடட்டும். படிச்சுட்டு இதே இழையில பேசறேன்.

நகரி_தறி

இழை பூட்டாம இருந்தா சரி. மட்டுறுத்துநர் சார், 2040 வரைக்கும் திறந்து வைப்பீங்களா?

மட்டுறுத்துநர்

திறந்திருக்கும். கட்சிப் பேச்சு மட்டும் வேண்டாம்.